கடிகாரம் பார்த்துக் கடலுக்குப் போன கதை

சனிக்கிழமை மாலை கோலாலம்பூரில் ரயிலேறி, இருபத்தேழு மைல் தாண்டி போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கினோம். என்னோடு வந்தவன் என் மனைவியின் தம்பி வேலு; தீவு ஒன்றைப் பார்த்துவர ஆசைப்பட்டிருந்தோம். நான் ரயில்வே கார்டு. பச்சைக்கொடி அசைத்தே பத்து வருஷம் ஓடிவிட்டது; ஒருநாளும் நேரம் தவறாதவன் என்ற தலைக்கனம் எனக்கு நிறையவே உண்டு. அது ஆட்குறைப்புக் காலம். வேலை போனவர்களை ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். திங்கள் காலை ஆறு மணிக்கு ரவாங் போகும் வண்டியில் நான் இல்லாவிட்டால் அடுத்த பெயர் என்னுடையது.

ஞாயிறு காலை ஐந்தரைக்குக் காதர் பாயின் பாய்மரப் படகு புறப்பட்டது. அவர் நாகூர்க்காரர், தீவுகளிலிருந்து விறகு ஏற்றி வருபவர். போய்வரக் கூலி இரண்டு வெள்ளி.

எட்டே முக்காலுக்கு ஒரு குட்டித் தீவின் வளைவுக்குள் படகை நிறுத்தினார். கரையை ஒட்டி நீர் ததும்பியது.

"தம்பி, வெயிலு உச்சிக்கு ஏறுறதுக்குள்ள வந்துடுங்க. தண்ணி வத்துனா படகு சேத்துல ஒக்காந்துரும். நான் நிக்க மாட்டேன்."

தலையாட்டிவிட்டு இறங்கினேன். போன ஞாயிறு துறைமுகத்துக்கு வண்டி கொண்டுவந்தபோது, பகல் இரண்டு மணிக்குக் கடல் நிறைந்திருந்ததைக் கண்ணால் பார்த்திருந்தேன். அப்படியானால் இந்த ஞாயிறும் இரண்டு மணிதானே? ரயில்காரன் புத்தி வேறெப்படிப் போகும்!

தீவைச் சுற்றி இரண்டு மைல்கூட இருக்காது. ஆனால் தாழம்புதர் வழி விடவில்லை. பாறைகளில் சிப்பி காலைக் கிழித்தது. ஓர் உடும்பு எங்களைச் சட்டை செய்யாமல் கடந்து போனது. பதினொரு மணிக்கே வேலு நச்சரிக்க ஆரம்பித்தான்.

"மாமா, பாய் சொன்னாருல்ல, திரும்பிடுவோம்."

"மூணு மணி நேரம் இருக்குடா. பேசாம வா."

பன்னிரண்டு பத்துக்கு வளைவுக்குத் திரும்பினோம். கடலைக் காணோம். கண்ணுக்கெட்டிய தூரம் சேறு, அதில் நண்டுகள். படகையும் காணோம். கையில் இருந்த ஒரே போத்தலில் இரண்டு மடக்குத் தண்ணீர் மிச்சம். மனைவியும் குழந்தைகளும் கப்பல் மேல்தளத்தில் மூட்டைகளோடு உட்கார்ந்திருப்பது போலவே தெரிந்தது. விட்டுவிட்டுப் போய்விட்டானே என்று காதர் பாயை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கடல் ஏற்றம் ரயில் போல் ஒரே நேரத்துக்கு வராது, நாளுக்கு முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும் என்று யோசிக்காத குற்றம் என்னுடையது என்று தெரிந்தேதான் திட்டினேன்.

வேலு பாறைமேல் ஏறினான். "மாமா! முனைக்கு அந்தப் பக்கம் பாய்மரம் தெரியுது!"

தொடையளவு சேற்றில் ஒரு மணி நேரம் நடந்தோம். வேலுவின் செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது. ஆழமான தண்ணீரில் படகைத் தள்ளி நிறுத்திக் காத்திருந்த பாய், ஒரு வசைகூடச் சொல்லாமல் கை கொடுத்துத் தூக்கினார்.

"நிக்க மாட்டேன்னீங்களே, பாய்?" என்றேன்.

"போயிருப்பேன். ஒரு போத்தல் தண்ணிதானே எடுத்துட்டுப் போனீங்க."

காற்று செத்துவிட்டது. மூவரும் துடுப்புப் போட்டுக் கடைசி ரயிலை எப்படியோ பிடித்தோம்.

திங்கள் காலை ஆறு மணி. விசிலை ஊதிவிட்டுக் கொடியைத் தூக்கினேன். மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக ஒரு பெண் ஓடிவந்தாள். பத்து வருஷத்தில் இப்படி எத்தனை பேரை விட்டுவிட்டுப் போயிருப்பேன்! கொடியை அசைக்க என் கை வரவில்லை. அவள் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அசைத்தேன்.

ஒரு நிமிடம் தாமதம் என்று ஏட்டில் குறித்தேன். காரணம் கேட்ட இடத்தில் என் பெயரையே எழுதினேன்.