ரேடியோவில் கேட்ட எண்

எழுபதுகளில் கல்கத்தாவில், விமான விபத்துகளை விசாரிக்கும் அதிகாரியிடம் சுருக்கெழுத்தாளராக இருந்தேன். ஒருமுறை நடுவானில் இரண்டு விமானங்கள் மோதாமல் மயிரிழையில் தப்பின. அவற்றிலொன்றை ஓட்டிய சேகர், கல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் பகுதிக்காரர், விசாரணைக்கு வந்தார்.

“எல்லாம் என் தப்புதான் சார். வேலையை விட்டுடறேன்” என்றார். விசாரணை சுலபமாக முடிந்தது என்று நினைத்தேன்.

அதிகாரி நிதானமாக, “தப்பு யாருதுன்னு நான் கேக்கலை. உக்காருங்க. உங்க காதுல என்ன விழுந்தது?” என்றார்.

சேகர் யோசித்து யோசித்துச் சொன்னார். ரேடியோவில் இரண்டு விமானங்களையும் அழைக்கும் எண்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலித்திருக்கின்றன. தரையிலிருந்து கட்டுப்பாட்டு அறை மற்ற விமானத்தை உயரம் குறைக்கச் சொன்னதை, தனக்குச் சொன்னதாக நினைத்து இவர் இறங்கியிருக்கிறார்.

எண்களை மாற்றினார்கள். சேகர் தொடர்ந்து பறந்தார்.

அவர் ராஜினாமாவோடு நாங்கள் கோப்பை மூடியிருந்தால், மறுநாளும் அதே எண்களோடு இரண்டு விமானங்கள் கிளம்பியிருக்கும்.