அம்மா சொன்னவா

எங்கள் வீட்டை நடத்துவது யார் என்று ஒன்பது வயதில் என்னை யாராவது கேட்டிருந்தால், யோசிக்காமல் அம்மா என்றிருப்பேன். இத்தனைக்கும் அம்மா கட்டிலை விட்டு இறங்குவதே அபூர்வம். தம்பி பிறந்து மூன்றாம் நாள் இறந்துபோனதிலிருந்து அவர் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகவில்லை; சுவர்ப் பக்கம் திரும்பியபடி கிடந்தார். அப்பா துறைமுகக் கந்தோருக்கு வேலைக்குப் போய்ப் பொழுதுபட வருவார். கட்டைபறிச்சான் ஊரிலிருந்து வீட்டு வேலைக்கு வந்து எங்களோடு தங்கியிருந்த மணியக்கா கூட்டுவார், சமைப்பார், என் தலையை இழுத்துப் பின்னுவார். ஆனால் கட்டளைகள் எல்லாம் அம்மாவின் அறைக்குள்ளிருந்துதான் வந்தன.

விடிய மணியக்கா தேத்தண்ணியோடு அந்த அறைக்குள் போவார். வெளியே வரும்போது அன்றைய நாள் முழுதும் தீர்மானமாகியிருக்கும். அம்மா அவருக்கு எப்போதும் ரீச்சர்தான். "ரீச்சர் மீனுக்கு முருங்கைக்காய் போடச் சொன்னவா." "ஐயா, காஸ் முடியப்போகுது. ரீச்சர் ஞாபகப்படுத்தச் சொன்னவா." அப்பா அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். படுத்திருந்தும் அம்மாவுக்கு எவ்வளவு ஞாபகம் என்று எனக்குப் பெருமை வேறு.

அந்தப் பெருமை ஒரு கப்பலால் கெட்டது. துறைமுகத்துக்கு வந்த பெரிய கப்பலைக் காட்டக் கந்தோர்க்காரரின் பிள்ளைகளைக் கூட்டிப்போவதாக இருந்தது. எனக்கு முதல்நாள்தான் காய்ச்சல் விட்டிருந்தது.

"அம்மா வேண்டாமெண்டு சொன்னவா, பிள்ளை. கடல்காத்து உமக்கு ஒத்துக்கொள்ளாதாம்," என்றார் மணியக்கா.

அழுதேன், சோறு வேண்டாம் என்றேன், ஒன்றும் பலிக்கவில்லை. அம்மாவின் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அப்படி என்னதான் சொல்கிறார் என்று பார்க்க, மறுநாள் விடிய அறை வாசல் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன்.

"ரீச்சர், கீரை இருக்கு. சுண்டட்டோ, கடையட்டோ?"

அம்மா திரும்பவில்லை. மணியக்கா தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு காத்து நின்றார். அவர் நின்ற நேரத்தில் எனக்கே கால் உளைந்தது.

"சரி, சுண்டுறன். தேங்காய்ப்பூ கூடப் போடச் சொல்லுறியள், என்ன? ஓம் ரீச்சர்."

அம்மாவின் காலைப் போர்வையால் மூடிவிட்டு அவர் வெளியே வந்தார். "ரீச்சர் கீரையைச் சுண்டச் சொன்னவா," என்று அப்பாவிடம் சொன்னபோது முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அப்படியென்றால் கப்பலையும் இல்லாமல் பண்ணியவர் இவர்தான்! நான் பல்லைக் கடித்துக்கொண்டு சமயம் பார்த்திருந்தேன்.

அந்தக் கிழமையே திரியாயிலிருந்து மாமி வந்தார், அப்பாவின் அக்கா. வந்த காரணம் எனக்கும் தெரியும். அம்மாவால் ஏலாதென்றால் மணியக்காவை அனுப்பிவிட்டு, வீட்டைத் தானே பொறுப்பெடுக்க நினைத்திருந்தார். அப்பாவுக்கு அதில் விருப்பமில்லை.

"படுத்திருந்தாலும் வீட்டை அவதான் நடத்துறா, அக்கா," என்றார் அப்பா, மத்தியானம் சாப்பிடும்போது. "எல்லாம் அவவைக் கேட்டுத்தான் நடக்குது."

"அம்மா ஒண்டும் சொல்லுறேல்லை," என்றேன் நான். "மணியக்கா தானே சொல்லிப்போட்டு, அம்மா சொன்னதெண்டு பொய் சொல்லுறவா. நான் பாத்தனான்."

அப்பா பிசைந்த சோற்றைப் பார்த்தபடி இருந்தார். மாமி குசினிப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். மணியக்கா ஈரக் கையோடு வந்து நின்றார்.

"ரீச்சரைக் கேக்காமல் நான் இந்த வீட்டில ஒரு நாளும் அடுப்பு மூட்டேல்லை."

"கேட்டால் அவ என்ன சொல்லுறவா?"

"இப்ப ஒண்டும் சொல்லுறேல்லைத்தான். ஒரு நாளைக்குச் சொல்லுவா."

மாமி சிரித்தார். அடுத்த நாள் மணியக்கா ஊருக்குப் போக மூதூர் பஸ் ஏறினார். போகுமுன் எனக்குத் தலை பின்னிவிட்டார். ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் இத்தனை வருடம் நான் இதைச் சுமந்து களைத்திருக்கத் தேவையில்லை.

மாமியைக் குறை சொல்ல முடியாது. வீடு பளிச்சென்று இருந்தது, சோறு நேரத்துக்கு வந்தது. அம்மாவை எதுவும் கேட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது என்று எல்லோருக்கும் கண்டிப்பு. தேத்தண்ணியைக் கட்டிலருகே வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வந்துவிடுவார்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். நான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினி வாசல்வரை வந்து நின்றார். பேசிப் பழக்கமற்றுப்போன குரல்.

"மச்சாள், இண்டைக்கு என்ன மீன்?"

"உமக்கேன் இந்தக் கரைச்சல்? நீர் போய்ப் படும். எல்லாம் நான் பாக்கிறன்."

அம்மா அடுப்பை ஒருமுறை பார்த்தார். பிறகு "ஓம் மச்சாள்" என்றார். மாமி கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து அவரைத் தாங்கிக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தார், அறைக் கதவையும் மெதுவாகச் சாத்தினார். மாமிக்கு அம்மாவில் எவ்வளவு அன்பு என்று நினைத்துக்கொண்டு நான் பள்ளிக்கூடம் போனேன்.