லிஃப்டுக்குள் என் குரல்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில், மழை பெய்த ஒரு மதியம், மின்சாரம் போய் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றது.
2. உள்ளே நானும், ஸ்ட்ரெச்சரில் பச்சையம்மாள் என்ற நோயாளியும் மட்டும்.
3. நான் பதிவே செய்யாத ஒரு வாக்கியத்தை, என் குரலில், இயந்திரம் சொன்னது.

முதல் இரண்டுக்கும் காரணம் தெரியும். மூன்றாவதற்குத் தெரியாது. பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நர்சிங் முடித்து, அதற்கு மேல் கணினியும் படித்தவள். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

எங்கள் வார்டில் செயற்கை நுண்ணறிவு வைத்திருக்கிறார்கள். நாடியையும் ரத்த அழுத்தத்தையும் கவனித்து, ஆபத்து வருமுன் எங்கள் கையில் இருக்கும் டேப்லெட்டில், டேப் என்போம், எச்சரிக்கும். எது நிஜ ஆபத்து, எது வெறும் சத்தம் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தது நர்சுகளாகிய நாங்கள்தான். ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது வயர்கள் ஆடி வீணாக அலறும் என்பதால், ஸ்ட்ரெச்சரில் இருக்கும்வரை பொருட்படுத்தாதே என்று பழக்கினோம். பீப் சத்தம் எங்கள் காதில் ஏறுவதே இல்லை, மனிதக் குரல் வேண்டும் என்று கேட்டது நான். விழுப்புரத்தில் என் வீட்டில், வெளிச் சத்தம் விழாமலிருக்கத் தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு, சில வாக்கியங்களைப் பேசிப் பதிந்து கொடுத்தேன்.

“இன்னாடி இது, டூட்டி முடிஞ்சி வூட்டுக்குப் போனாலும் உன் கொரலே காதுல கேக்குது” என்பார் உடன் வேலை பார்க்கும் ஸ்டெல்லா அக்கா.

பச்சையம்மாளுக்கு முந்தின நாள் கர்ப்பப்பை ஆபரேஷன். வயிறு வலிக்கிறது என்றதால் கீழே ஸ்கேனுக்குக் கொண்டுபோனோம். ஸ்ட்ரெச்சர் ஏறினால் இன்னும் ஒருவர்தான் நிற்க முடியும், அவ்வளவு சின்ன லிஃப்ட். தள்ளி வந்த குமார் அண்ணா படியில் இறங்கிப் போனார்.

லிஃப்ட் நின்றதும் இருட்டு. அழைப்பு மணி வேலை செய்யவில்லை, போனில் சிக்னல் இல்லை. முதுகில் சுவர், வயிற்றில் ஸ்ட்ரெச்சர் கம்பி, திரும்பக்கூட இடமில்லை. கதவைத் தட்டினால் சத்தம் என்னிடமே திரும்பி வந்தது.

“இன்னாம்மா, கரண்டு பூடுச்சா? மயிலத்துல, நெலத்துல மல்லாட்ட செடி புடுங்க ஆள் கெடைக்காம எங்க வூட்டுக்காரு அல்லாடுறாரு, நான் இங்க பொட்டிக்குள்ள மாட்டிக்கினேன் பாரு.”

“பயப்படாம படுங்கம்மா, இப்ப தொறந்துடுவாங்க.”

“பயந்துக்கினு கீறது நீ.”

சிரித்தார். கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றது. தூங்குகிறார் என்று நினைத்தேன். டேப் பச்சை காட்டியது. பச்சை என்றால் நலம்.

அப்போது டேப்பிலிருந்து என் குரல் வந்தது. “கால தொட்டுப் பாருங்கண்ணா, சில்லுனு இருக்கு.” அதன் பின்னாலேயே தரையில் இரும்பு விழுந்தது போல ணங் என்று ஒரு சத்தம்.

எந்தப் பதிவிலும் நான் யாரையும் அண்ணா என்று அழைத்ததில்லை. உள்ளே எந்த அண்ணாவும் இல்லை. ஆனாலும் என் கை அவர் பாதத்துக்குப் போய்விட்டது. சில்லென்று, வியர்வையோடு இருந்தது. நாடியைப் பிடித்தால் நூல் போல ஓடுகிறது. உள்ளே ரத்தம் கசிகிறது என்று புரிந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரில் இருப்பதால், நாங்கள் பழக்கியபடி, இயந்திரம் அதைப் பொருட்படுத்தவில்லை.

தொங்கிய சலைனை முழுதாகத் திறந்துவிட்டு, அவர் கால்களைத் தூக்கி என் தோளில் போட்டுக்கொண்டு கத்தினேன், கத்திக்கொண்டே இருந்தேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. யாரோ மேலே மோட்டாரைக் கையால் சுற்றி லிஃப்டை நகர்த்தினார்கள். குமார் அண்ணா இரும்புக் கம்பியால் கதவை நெம்பித் திறந்தார்.

“ஒண்ணும் ஆவலியே சிஸ்டர்? வாங்க, ஸ்கேன் ரூம்ல கத்திக்கினு கீறாங்க.”

“ஸ்கேன் வேணாம், தியேட்டருக்குத் தள்ளுங்க!”

“டாக்டர் சொல்லாமயா? தூங்கறாங்க சிஸ்டர், பச்சதானே காட்டுது?”

“கால தொட்டுப் பாருங்கண்ணா, சில்லுனு இருக்கு.”

தொட்டார். அவர் கையிலிருந்த கம்பி நழுவித் தரையில் விழுந்தது. ணங்.

நான் கீழே கிடந்த கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்தான் ஸ்ட்ரெச்சரை இழுத்துக்கொண்டு ஓடினார்.

உடனே மறுபடி வயிற்றைத் திறந்து ரத்தத்தை நிறுத்தினார்கள். பச்சையம்மாள் பிழைத்தார். டேப்பைச் சோதித்த இன்ஜினியர்கள், அப்படியொரு ஒலி அதில் இல்லவே இல்லை, பயத்தில் உங்களுக்குத் தோன்றியிருக்கும் என்றார்கள். நானும் அப்படியே முடித்துக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். வீட்டுக்குக் கிளம்பும் நாளில் பச்சையம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “கண்ணு தொறக்க முடியல, ஆனா காது கேட்டுக்கினுதான் இருந்துச்சு. ஏம்மா அதையே ரெண்டு வாட்டி சொன்ன?”

இப்போதைய நிலை இது. ஸ்ட்ரெச்சர் விதியை நர்சுகள் நாங்கள் சேர்ந்து நீக்க வைத்தோம். நோயாளியை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினால், காலைத் தொட்டுப் பார்க்கும்படி டேப் சொல்லும். அதைப் பேசித் தர என்னைத்தான் கேட்டார்கள்; மறுத்துவிட்டேன். ஸ்டெல்லா அக்கா பேசிக் கொடுத்தார். என் குரலில் அந்த வாக்கியம் இன்றுவரை எந்த இயந்திரத்திலும் இல்லை.