மினுங்காத திரை வாங்கிய வரலாறு

நூலகத்து ஐயா, அம்மா, வணக்கம். மடிக்கணினித் திரையில் மினுங்குவது ஒன்று, மினுங்காதது ஒன்று என இருவகை உண்டென்பதைத் தாங்கள் அறிந்திருப்பீர்கள். அறந்தாங்கியில் ஒரு கடையில் நின்ற அன்றுதான் நான் அறிந்தேன். அவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்ததால் என் இல்லத்தில் நிகழ்ந்ததை முறையாக எழுத முயல்கிறேன். அதிகம் பயிலாதவன், சொற்குற்றம் இருப்பின் பொறுத்தருள்க.

என் மனைவிக்கு வாயில் புற்று. புகையிலை அடக்கியதால் வந்தது என்றனர் மருத்துவர்கள். தஞ்சாவூரில் அறுவை செய்து வலக் கன்னத்தையும் தாடையில் ஒரு பகுதியையும் எடுத்துவிட்டு, வேறிடத்துச் சதையை அங்கே வைத்துத் தைத்திருந்தனர். அவள் வீடு திரும்புமுன் பீரோக் கண்ணாடியின்மேல் பழைய காலண்டர் தாள்களை ஒட்டிவைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், ஏனென்று கேட்கவில்லை.

சில மாதங்களில் நோய் திரும்பியது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றனர். எங்கள் ஒரே மகன் வளைகுடாவில் கட்டட வேலையில் இருந்தான். அவன் கேட்ட விடுப்புக் கிடைக்கவில்லை. அவன் வருமுன் அவள் போய்விடக்கூடும் என்பது எங்கள் மூவருக்கும் தெரிந்திருந்தது. கண்புரையால் கைப்பேசியின் சிறு திரையில் அவன் முகம் அவளுக்குப் புலப்படவில்லை. ஆகவே மடிக்கணினி வாங்கச் சொன்னான்.

கடைக்காரர் இரண்டைத் திறந்துவைத்தார்.

“கல்யாண ஆல்பம் போடுறப்ப ஸ்டூடியோவுல கேப்பாங்கல்ல ஐயா, கிளாஸியா மேட்டான்னு? அதேதான். இது கிளாஸி. கலர் சும்மா தூக்கலா இருக்கும்.”

உண்மையே. அதில் தெரிந்த வயலின் பச்சை கண்ணைப் பறித்தது. ஆனால் அவர் அதை அணைத்ததும், கறுத்த திரையில் என் முகமும் என் பின்னே சாலையில் போன பேருந்தும் தெரிந்தன. மற்றதை அணைத்தபோது வெறும் கருமைதான் இருந்தது.

“இதைக் கொடுங்கள்” என்றேன், மினுங்காததைக் காட்டி.

“ஐயா, ரெண்டும் ஒரே வெலைதான். நல்லதை விட்டுட்டு அழுதுவடியிறதைப் போயி எடுக்குறீங்களே?”

பணத்தை எண்ணி மேசையில் வைத்தேன்.

அன்று மாலை மகன் அழைத்தான். தலையணை வைத்து அவளை உட்கார்த்தினேன். கன்னத்தின்மேல் ஈரிழைத் துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டாள். மகனிடம் எப்போதும் அப்படித்தான். திரையில் அவன் தோன்றினான். நிறம் வெளிறி, சாம்பல் பூசியதுபோல் இருந்தான்.

“என்னடா இப்புடி வெளுத்துப் போயிருக்க? ஒடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல ஆத்தா. நல்லாத்தான் இருக்கேன்.”

“ஒங்கப்பன் மாதிரியே பொய் சொல்லப் பழகிட்ட. சோறு திங்கிறியா இல்லையா?”

அவள் நாக்குக் குழறும். எனினும் எங்கள் இருவருக்கும் விளங்கும். அவன் சத்தியம் செய்தும் அவள் நம்பவில்லை. அன்றிரவு குழாய்வழிக் கஞ்சியும் வேண்டாமென்றாள். மகனுக்கும் நோய் கண்டிருப்பதாகவும், நாங்கள் மறைப்பதாகவும் அவள் எண்ணிக்கொண்டாள். வேறு வழியின்றி, குறை மகனிடமில்லை, திரையிலிருக்கிறது என்றேன்.

“நல்லாத் தெரியிறது கடையில இல்லையா?”

“இருந்தது.”

“பின்ன?”

அவள் பீரோவைப் பார்த்தாள்.

“ஏங்க, மருந்து குடுக்குற எவர்சில்வர் டம்ளர்ல தெரியாதா என் மூஞ்சி? அதுலயும் காலண்டரை ஒட்ட வேண்டியதுதானே?”

சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். அவள் முகத்தில் அதைக் கண்டறிவது அப்போது கடினம்.

“எம்புள்ளைய அவன் நெறத்துல பாக்கணும். போயி மாத்திட்டு வாங்க.”

பிரித்ததை மாற்றித் தருவதில்லை என்றார் கடைக்காரர். காரணத்தைச் சொன்னேன். மினுங்குவதை எடுத்துக் கட்டிக் கொடுத்தார்.

புதிய திரையில் மகன் கறுப்பாகவும் திடமாகவும் இருந்தான். காதோரம் நரைத்திருந்ததையும் மோவாயில் சிமெண்டுத் துளி ஒட்டியிருந்ததையும் அவள் கண்டு சொன்னாள். பேச்சு முடிந்து திரை கறுத்ததும் நான் விரைந்து மூடப்போனேன். என் கையைத் தட்டிவிட்டாள். துண்டை எடுத்துவிட்டு வெகுநேரம் பார்த்தாள்.

“துண்டு இங்கிட்டு வெலகியிருந்துச்சு. அவன் பாத்திருப்பானோ?” என்றாள்.

அதன்பின் ஒவ்வோர் அழைப்புக்கு முன்பும் கறுத்த திரையைத் தன்முன் வைக்கச் சொல்வாள். அதைப் பார்த்துத் துண்டைச் சரிசெய்து, தலையைக் கோதி, “ம், போடுங்க” என்பாள். அவள் கை வலுவிழந்தபின் துண்டை நானே போட்டுவிட்டேன். அவள் பார்த்துத் திருத்தம் சொன்னாள்.

ஒரு மாலை, புண்ணின் கசிவு மாற்றிய துண்டையும் நனைத்தது. இன்னொன்று போட்டேன், அதுவும் நனைந்தது. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இன்னைக்கு வேணாங்க.”

மகனின் அழைப்பு மணி ஒலித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஓயும்வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். விடிவதற்குள் அவள் உயிர் பிரிந்தது.

மகன் கருமாதிக்குத்தான் வந்து சேர்ந்தான். “அன்னைக்கு ஏம்பா எடுக்கலை? கடைசியா ஒரு தடவ பாத்திருப்பேனே” என்று கேட்டான். கரண்டு இல்லை என்றேன். அவள் மறைத்ததை நான் திறந்துகாட்ட மனம் ஒப்பவில்லை. அவன் திரும்பிப் போய்விட்டான்.

எனக்குப் பின் என்றேனும் அவன் அறிய விரும்பினால் கொடுப்பதற்காக, இவ்வெழுத்தைத் தங்கள் நூலகத்தில் பத்திரமாக வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.