புறாவோடு நாயையும் கூட்டிப்போனது: அம்பத்தூர் – திருநின்றவூர் – அம்பத்தூர்

அம்பத்தூரிலிருந்து திருநின்றவூர் ஏரிக்குச் சைக்கிளில் போக முடியுமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். முடியும். சாலை ஒன்றுதான், வழிதவற வாய்ப்பே இல்லை. ஆனால் நான் போனது எண்பத்தொன்பதாம் ஆண்டு மே மாதத்தில். எனவே கீழே வரும் விலைகளை நம்பி யாரும் கிளம்ப வேண்டாம். புறா, நாய் சம்பந்தப்பட்ட தகவல்கள் மட்டும் இன்றைக்கும் செல்லும்.

ஏரியைப் பார்ப்பது எங்கள் நோக்கம் இல்லை. அதன் கரையில் ஒரு புறாவைப் பறக்கவிடுவதுதான் நோக்கம். புறா என் நண்பன் சேகருடையது. சேகர் அப்போது தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் பழகிக்கொண்டிருந்தான். மற்ற நேரமெல்லாம் வீட்டு மொட்டை மாடியில் புறாக்கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பான். புறா ஹோமர் வகை. எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீடு திரும்பும் என்று பெயர் பெற்ற இனம். அதற்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்திருந்தான். அதுவரை அது பறந்து வந்த அதிகபட்ச தூரம் கொரட்டூரிலிருந்து, நாலு கிலோமீட்டர்.

ஜூனில் நடக்க இருந்த பந்தயத்தில் அதைச் சேர்க்க வேண்டுமானால் திருநின்றவூரிலிருந்து ஒருமுறையாவது வந்து காட்டியிருக்க வேண்டும். இதில் ஓர் ஆபத்து இருந்தது. எங்கள் பக்கத்துப் புறாக்காரர்களிடையே ஒரு சட்டம் உண்டு: வெளியே பறக்கும் புறா யார் மாடியில் இறங்குகிறதோ, அது அவருடையது. போய்க் கேட்கக் கூடாது. கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள். சேகர் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி தேவராஜ் என்பவர் இரண்டு ஆள் உயரத்துக்குக் கூண்டு கட்டியிருந்தார். சேகரின் முதல் இரண்டு புறாக்களும் அங்கேதான் இருந்தன. மூன்றாவதான எக்ஸ்பிரஸைக் குஞ்சாக இருந்தபோது, ஊறவைத்த கடலையை மென்று தன் வாயிலிருந்தே ஊட்டி வளர்த்தான். அதுவும் போனால் கூண்டை உடைத்து வெந்நீர் அடுப்பில் போட்டுவிடுவேன் என்று சொல்லியிருந்தான். அவன் சொன்னால் செய்கிறவன்.

நாங்கள் போகப்போவது தேவராஜுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

"இன்னா சேகரு, தின்னனூர்லர்ந்து வுடப் போறியாமே?" என்றார். திருநின்றவூருக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். "வுடு, வுடு. நம்ம ஊட்லயும் எடம் கீது."

"அண்ணாத்தே, நீ எடத்தக் கூட்டி சுத்தமா வெச்சிக்க. அது நேரா எங்கூட்டுக்குத்தான் வரும்."

எங்களுடன் வந்த மூன்றாவது ஆள் வரதன். அவனுடைய பொழுதுபோக்கு புகைப்படம். மாமாவிடமிருந்து இரவல் வாங்கிய கேமராவில் முப்பத்தாறு படங்களுக்கான பிலிம் போட்டு, ஒவ்வொரு படத்துக்கும் கால் மணி நேரம் யோசிப்பான்.

நாலாவது ஆள் நாய். செவலை நிறம், ஒரு காது மடிந்தது. சேகரின் அப்பா அதற்குச் சூப்பர்வைசர் என்று பெயர் வைத்திருந்தார். நிழலில் படுத்துக்கொண்டு அடுத்தவர் வேலை செய்வதைப் பார்ப்பதால் வந்த பெயர். தொழிற்பேட்டையில் வேலை செய்தவர்கள் யாரும் அதற்கு விளக்கம் கேட்டதில்லை. பெயருக்கு உரிய மரியாதையுடன் அவர் இவர் என்றே குறிப்பிடுவோம். பூனைத் தொல்லை ஆரம்பித்த நாளிலிருந்து அவருக்குப் பணியிடம் மொட்டை மாடியில், புறாக்கூண்டுக்குக் கீழே.

அவரை ஏன் கூட்டிப்போனோம் என்று கேட்கலாம். கிளம்பும்போது வாலை ஆட்டினார். அன்றைக்கு எங்களுக்கு அந்தக் காரணம் போதுமானதாக இருந்தது.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். இரண்டு வாடகை சைக்கிள்கள். ஒன்றில் நான் மிதிக்க, பின்னால் வரதன் மூடிபோட்ட ஓலைக்கூடையில் எக்ஸ்பிரஸை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். மற்றொன்றில் சேகர். அவன் கேரியரில் கட்டிய தக்காளிப் பெட்டியில் சூப்பர்வைசர். அம்பத்தூரிலிருந்து ஆவடி ஏழு கிலோமீட்டர். திருமுல்லைவாயில் தாண்டும்வரை அவர் பெட்டியில் நின்றுகொண்டு வந்தார். அதன்பின் ஒவ்வொரு தெருநாய்க்கும் பதில் சொல்ல இறங்கினார். அவர் ஏறும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆவடி மார்க்கெட்டில் டீ எழுபத்தைந்து பைசா, பொறை இருபத்தைந்து பைசா. பொறை மூன்றும் அவருக்கே போயிற்று.

வழியில் கோவில்பதாகை ஏரியைப் படம் எடுக்க வேண்டும் என்று வரதன் பிடிவாதம் பிடித்தான். வடக்கே திரும்பிப் போனோம். ஏரியில் தண்ணீர் ஓர் ஓரமாக ஒதுங்கியிருந்தது, மீதி இடத்தில் இரண்டு கிரிக்கெட் ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. வரதன் குறிபார்த்து முடிக்கும்போது லாங் ஆனில் நின்றவன் நகர்ந்துவிட்டான். சூப்பர்வைசர் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினார். அந்த ஆட்டத்தின் இரு அணிகளும் முதன்முறையாக ஒற்றுமையுடன் எங்களைத் துரத்தின. பந்தைத் திருப்பிக் கொடுத்தபின், பட்டாபிராம் வரை எங்கேயும் நிற்கவில்லை. பட்டாபிராமில் நுங்கு நன்றாக இருக்கும். இப்போது கிடைக்கிறதா என்று தெரியவில்லை.

திருநின்றவூர் ஏரிக்கரையை அடைந்தபோது மணி எட்டேகால். காற்று சுகமாக இருந்தது. தண்ணீர் ஓரத்தில் நாரைகள் நின்றன. சேகர் கூடையைத் திறந்து எக்ஸ்பிரஸைக் கையில் எடுத்தான். அதன் தலையில் ஒருமுறை ஊதினான். மேலே வீசினான். அது ஏரிக்கு மேல் இரண்டு வட்டம் போட்டது, பிறகு கிழக்கே, அம்பத்தூர் திசையில், கோடு போட்டதுபோல் போயிற்று.

"பாத்தியா மாமே, ரூட்டு அதுக்கே தெரியுது," என்றான் சேகர். வரதன் அந்த நேரத்தில் பிலிம் சுற்றிக்கொண்டிருந்தான்.

பிறகு ஒரு மணி நேரம் மிகவும் நன்றாகப் போயிற்று. நாங்கள் குளித்தோம். சூப்பர்வைசர் நாரைகளை மேற்பார்வை செய்தார். கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சம் சாதத்தைப் புளியமரத்தடியில் சாப்பிட்டோம். வாழ்க்கையில் இன்னும் என்ன வேண்டும் என்ற கேள்விக்கு அன்று எங்களிடம் பதில் இல்லை.

ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு கடையில் போன் இருந்தது. சேகர் வீட்டுக்குக் கீழே இருந்த மாவு மில்லிலும் போன் இருந்தது. எக்ஸ்பிரஸ் வந்துவிட்டதா என்று பார்ப்பதற்காக, சேகரின் அக்கா வள்ளியை மாடியில் நிற்கச் சொல்லியிருந்தோம். சேகர் போன் செய்ததும் மில்காரர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். இயந்திரச் சத்தத்துக்கு மேல் அவள் கத்தியது சேகரின் காதைத் தாண்டி எங்களுக்கும் கேட்டது.

"டேய், அது வந்து அரமணிக்கு மேல ஆவுது!"

"வந்துட்ச்சாம் மச்சான்!" சேகர் எங்களைப் பார்த்துக் குதித்தான்.

"முழுசாக் கேளுடா. வந்துச்சி, எறங்கல. சுத்திகினே கீது. கூண்டாண்ட வருது, எட்டிப் பாக்குது, திரும்ப மேல போவுது."

"தண்ணி வெச்சியா? கடல போட்டியா?"

"எல்லாம் போட்டாச்சி. இன்னும் நான்தான் போய் கூண்டுக்கடில படுக்கல. அது நாயத் தேடுதுடா! பொறந்ததுலர்ந்து நாய் இல்லாத மாடிய அது பாத்ததே இல்ல. அத்த எதுக்குடா இஸ்துகினு போன?"

சேகர் திரும்பிப் பார்த்தான். சூப்பர்வைசர் கடை வாசலில் மல்லாந்து படுத்திருந்தார்.

"தேவராஜ் இன்னா பண்றான்?"

"அவன் புறாவயெல்லாம் தொறந்து வுட்டுட்டான். ஒன்னுது அந்தக் கூட்டத்தோட சேந்துகிச்சி. களப்பாயிட்டா அங்கதான் எறங்கும். சீக்கிரம் வா!"

பதினைந்து கிலோமீட்டர். சைக்கிளில், நாயை வைத்துக்கொண்டு, வெயிலில், ஒன்றரை மணி நேரம். எக்ஸ்பிரஸ் அவ்வளவு நேரம் தாங்காது. அடுத்த எலெக்ட்ரிக் ரயில் இன்னும் ஐந்து நிமிடத்தில் வருவதாகக் கடைக்காரர் சொன்னார். நானும் சேகரும் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"டேய், ரெண்டு சைக்கிளயும் நான் ஒத்த ஆளு எப்படிடா ஓட்டுவேன்?" என்று வரதன் பின்னாலிருந்து கேட்டான். நியாயமான கேள்வி. பதில் சொல்ல நேரமில்லை.

மனிதர்களுக்கு டிக்கெட் ஆளுக்கு ஒன்றரை ரூபாய். நாய்க்கு எவ்வளவு என்று கேட்கவில்லை, கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். கூடைக்காரர்கள் ஏறும் பெட்டியில் ஏறினோம். கீரைக்கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஓர் அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா நைனா, மாப்ளய எங்க இட்டுகினு போற?"

"அம்பத்தூருக்கும்மா. இவரு இல்லாங்காட்டி எங்க புறா எறங்க மாட்டுது. பக்கத்து ஊட்ல எறங்கிட்டா அவன் வெச்சிக்குவான்."

அந்த அம்மா பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பினார். "கேட்டியாடி? புறாவுக்கு நாயி தொணைக்கு வோணுமாம். எங்கூட்டுக்காரனுக்கு நான் எதிர்ல ஒக்காரலன்னா சோறு எறங்காது. அது மாறிதான்."

"ஒன் மூஞ்சியப் பாத்தா அவனுக்கு சோறு எறங்குது? இன்னாமா வுடற!" என்றாள் அவள்.

ஆவடியில் கறுப்புக் கோட்டு ஒன்று பிளாட்பாரத்தில் தெரிந்தது. கீரைக்கார அம்மா ஈரச் சாக்கை எடுத்து சூப்பர்வைசர் மேல் போட்டு, அதன்மேல் நாலு கட்டு முளைக்கீரையைப் பரப்பினார். ஈரமும் குளிர்ச்சியும் அவருக்குப் பிடித்துப்போயின. கோட்டுக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தபோது கீரை லேசாகக் குறட்டை விட்டது. அவர் கீரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், அடுத்த பெட்டிக்குப் போனார். ரிடையர் ஆகச் சில வருடங்களே இருந்த மனிதராகத் தெரிந்தார்.

அம்பத்தூரில் இறங்கி ஓடினோம். தெருமுனை வந்ததும் வானத்தைப் பார்த்தேன். பத்துப் பதினைந்து புறாக்கள் தேவராஜ் வீட்டுக்கு மேல் தாழ்வாகச் சுற்றிக்கொண்டிருந்தன. கடைசியில், மற்றவற்றைவிட ஒரு முழம் கீழே, எக்ஸ்பிரஸ். தேவராஜ் மாடியில் நின்று தகர டப்பாவில் தானியத்தைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

மாவு மில் வாசலில் சூப்பர்வைசர் நின்றுவிட்டார். மில்காரர் தினமும் அங்கே அவருக்கு ஒரு பிஸ்கட் போடுவது வழக்கம். இன்றைய பிஸ்கட் வராமல் நகர்வதாக இல்லை. மில்காரர் பிஸ்கட் தேட உள்ளே போனார். சேகர் காத்திருக்கவில்லை. நாயைத் தோளில் போட்டுக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறினான். மேலே வள்ளி கைநீட்டி அவர் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

அப்போது எக்ஸ்பிரஸ் தேவராஜின் கைப்பிடிச் சுவருக்கு நேராக வந்து கால்களை நீட்டிவிட்டது. அவர் டப்பாவைக் குலுக்குவதைக்கூட நிறுத்திவிட்டார்.

சூப்பர்வைசர் கூண்டுக்குக் கீழே போனார். வழக்கம்போல் மூன்று சுற்றுச் சுற்றினார். படுத்தார். கொட்டாவி விட்டார்.

எக்ஸ்பிரஸ் நீட்டிய கால்களை மடக்கியது. சுவரைத் தொடாமல் எழும்பியது. நாலு வீட்டையும் ஒரே வீச்சில் கடந்து, கல் விழுந்ததுபோல் கூண்டுக் கூரைமேல் வந்து விழுந்தது. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கியது. பிறகு குதித்து இறங்கி, நாயின் வாலைத் தாண்டிப் போய்த் தண்ணீர் குடித்தது.

சேகர் அதை உள்ளே விட்டுக் கூண்டைச் சாத்தினான். திறந்து பார்த்தான். மறுபடி சாத்தினான்.

"டேய், நாயக் காட்டி எறக்குனது செல்லாது!" என்றார் தேவராஜ் அங்கிருந்து.

"நீ டப்பாவக் குலுக்குனது மட்டும் செல்லுமா?" என்றாள் வள்ளி. "எந்த ஊட்ல எறங்குச்சி? அத்த மட்டும் சொல்லு அண்ணாத்தே."

தேவராஜ் யோசித்துப் பார்த்தார். டப்பாவை மூடிக்கொண்டு கீழே போனார்.

வரதன் பன்னிரண்டரை மணிக்கு ஒரு சைக்கிளோடு வந்து சேர்ந்தான். மற்றதை ஸ்டேஷன் ஸ்டாண்டில் போட்டிருந்தான்.

"புறா வந்துச்சா?"

"வந்துட்ச்சி."

"நான் வந்துகீறேன். அத்த எவனாச்சும் கேட்டீங்களா?"

பிலிமைக் கழுவிப் பார்த்தபோது பதினெட்டுப் படங்களில் நாய் இருந்தது. புறா ஒன்றில்கூட இல்லை.

புறாக்கள் வழி கண்டுபிடிப்பது பற்றிப் பிற்பாடு நிறையப் படித்தேன். சூரியன் என்கிறார்கள், பூமியின் காந்தம் என்கிறார்கள், வாசனை என்கிறார்கள். எல்லாம் ஊர் வந்து சேரும்வரைக்கும் சரியான விளக்கங்கள். வந்து சேர்ந்த இடம் வீடுதான் என்று அது எப்படி முடிவு செய்கிறது என்பதைப் பற்றி அந்தப் புத்தகங்களில் ஒன்றும் இல்லை. அவற்றை எழுதியவர்கள் சூப்பர்வைசரைச் சந்தித்ததில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள். வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். ஏரிக்கு நாயைக் கூட்டிப்போகலாம், புறாவையும் கொண்டுபோகலாம், இரண்டையும் ஒரே நாளில் வேண்டாம். நாங்கள் அதன்பின் அப்படித்தான் செய்தோம். எக்ஸ்பிரஸ் பந்தயத்தில் ஆறாவதாக வந்தது. அன்று சூப்பர்வைசர் காலையிலிருந்தே பணியில் இருந்தார்.

மாடிக்கு நாய் வாங்குவதாக இருந்தால், வளர்ந்த நாயாக, சோம்பலானதாகப் பார்த்து வாங்குங்கள். தேவராஜ் அடுத்த வாரமே ஆவடியிலிருந்து ஒரு குட்டியை வாங்கிவந்து கூண்டுக்குக் கீழே கட்டினார். நல்ல சுறுசுறுப்பான குட்டி. முதல் நாள் சாயங்காலமே கயிற்றை அறுத்துக்கொண்டு மாடியில் இருந்த அத்தனை புறாக்களையும் துரத்தியது. அவற்றில் மூன்று எங்கள் பக்கம் வந்து, சூப்பர்வைசர் தூங்குவதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இறங்கின. தேவராஜ் வந்து கேட்கவில்லை. அவர் சட்டம் தெரிந்தவர்.