லெட்சுமி அத்தை வீட்டுக் கஞ்சி

பாண்டான் இலை போட்டுப் பச்சைப்பயறு வேகும் வாசம் வந்தால், எனக்கு முதலில் வயிற்றுவலிதான் ஞாபகம் வரும். அது பொய் வயிற்றுவலி. அம்மா சொல்லிக்கொடுத்தது.

அப்போது எனக்குப் பத்து வயது. மலேசியாவில், கூலாயில் வரிசை வீடுகளில் இருந்தோம். எங்கள் வரிசையில் ஓர் ஆஸ்பத்திரித் தாதி இருந்தார். "மிஸ்ஸி" என்றுதான் கூப்பிடுவோம். புற்றுநோய் வந்து, கையில் காசில்லாமல் ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்களைப் பார்த்துப் பார்த்து, அவர்தான் இதை ஆரம்பித்தார். மாதம் ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஒரு வீட்டில் பெண்கள் கூடுவார்கள். அந்த வீட்டுக்காரி பலகாரம் செய்து கொடுப்பாள். வந்தவர்கள் சாப்பிட்டு, கதை பேசி, பிஸ்கட் டின்னில் முடிந்த காசைப் போடுவார்கள். டின் மிஸ்ஸியோடு ஆஸ்பத்திரிக்குப் போகும். புற்றுநோய் என்ற சொல்லை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். "அந்த வியாதி" என்பார்கள்.

அந்த வியாதி எங்கள் வரிசைக்கே வந்தது. பக்கத்து வீட்டு லெட்சுமி அத்தைக்கு, மார்பில். அறுவை செய்து, முடியெல்லாம் கொட்டி, தலையில் துணி கட்டிக்கொண்டு திரும்பினார். வந்த மறுமாதமே, "இந்தத் தடவ என் வீட்டுலதான்," என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஆனால் ஒட்டிக்கொள்ளும் என்று எல்லாருக்கும் பயம். அம்மாவுக்கும்தான். கிளம்பும்போது என்னிடம், "எது குடுத்தாலும் வயித்த வலிக்குதுன்னு சொல்லிடு," என்றார்.

அம்மாவோடு சேர்த்து ஆறு பெண்கள் போனார்கள். மிஸ்ஸிக்கு அன்றைக்கு வேலை. போனதுமே எல்லாரும் டின்னில் காசு போட்டார்கள். அதற்கு யாரும் யோசிக்கவில்லை. பிறகு கிண்ணங்களில் சீனி போட்ட பச்சைப்பயற்றுக் கஞ்சி வந்தது, ஆவி பறக்க.

கனகா ஆன்ட்டிதான் முதலில் வாயைத் திறந்தார். "சனிக்கெழம லா அக்கா. விரதம். விளக்கு வைக்கிற வரைக்கும் பல்லுல பச்சத் தண்ணி படக்கூடாது."

அடுத்தவரும் விரதம் என்றார். அதற்கடுத்தவரும். அம்மாவும். அது புரட்டாசி மாதம்கூட இல்லை.

லெட்சுமி அத்தை கிண்ணத் தட்டைக் கீழே வைத்தார். "பெருமாளுக்கு இன்னிக்கு நல்ல கூட்டம்," என்றார். யாரும் சிரிக்கவில்லை. "பரவால்ல. ஏழு மணிக்கு நானும் விளக்கு வைப்பேன். விரதத்த இங்கேயே முடிச்சிட்டுப் போங்க."

என்னைப் பார்த்தார். "உனக்கென்னடி விரதம்?"

"வயிறு வலிக்குது அத்தை."

உள்ளே போய் ஓமம் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை, தான் குடிக்கும் சில்வர் டம்ளரிலேயே கொண்டுவந்து கையில் கொடுத்தார். "குடி. அஞ்சு நிமிஷத்துல நின்னுடும்." அம்மாவைப் பார்த்தேன். குடித்தேன். நாக்கு எரிந்தது. அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள், நான் கீழே விழப்போவது மாதிரி.

மாவு ஆட்டணும், பிள்ளைக்கு டியூஷன் என்று ஏழு மணிக்குள் நான்கு பேர் எழுந்து போய்விட்டார்கள். அம்மாவும் கனகா ஆன்ட்டியும் இருந்தார்கள். விளக்கு வைத்ததும் அத்தை கஞ்சியைத் திரும்பச் சூடுபண்ணிக் கொடுத்தார். அம்மா கிண்ணத்தைக் கையில் வாங்கினார். நான் குடித்த பிறகு அவருக்கு வேறு வழியில்லை என்று நினைக்கிறேன். ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய்.

"சீனி பத்தல லெட்சுமி."

அப்போதுதான் லெட்சுமி அத்தை உட்கார்ந்தார். கனகா ஆன்ட்டி பாதி சாப்பிட்டார். எனக்குக் கஞ்சி கிடைக்கவில்லை. வயிற்றுவலிக்குப் பயறு ஆகாதாம்.

அத்தை அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தார். முறை வந்தபோதெல்லாம் அவர் வீட்டிலும் கூடினார்கள்.

போன வருஷம் எனக்கும் அதே வியாதி வந்தது. இப்போது தேறிவிட்டேன். காசு சேர்ப்பது இப்போது ஊர்ப் பொது ஹாலில் நடக்கிறது. புற்றுநோய் என்று மைக்கிலேயே சொல்கிறார்கள். ஆளுக்கு ஒரு சாப்பாட்டுப் பெட்டி, மூடி திறக்காத தண்ணீர் பாட்டில். ஒரு சனிக்கிழமை என் வீட்டில் வைக்கிறேன் என்றேன். நடத்துகிற பெண், "எதுக்கு ஆன்ட்டி சிரமம், ஹால்லயே பண்ணிடலாம் லா," என்றாள். என் சிரமத்தை நினைத்தாளோ, வேறு எதையோ, நான் கேட்கவில்லை. சரி என்றேன். இப்போது யாரும் விரதம் என்று பொய் சொல்வதில்லை. ஒருவர் வீட்டுக் கிண்ணத்தில் இன்னொருவர் சாப்பிட்டால்தானே.

அந்தச் சனிக்கிழமை ஹாலில் கொடுத்த பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தேன். கேசரி இருந்தது. சீனி பத்தவில்லை. சொல்ல ஆள் இல்லை.