விமானத்துக்கே தெரிந்த பெயர்

இருக்கைப் பட்டியை மாட்டி முடிக்குமுன்னரே யோகேஸ்வரி அன்ரி பக்கத்தில் இருப்பவரின் ஊரைக் கேட்டுவிடுவார். "பிள்ளை எவடம்? ஆரிட்டைப் போறீர்?" விமானம் மேலெழுந்து காது அடைக்கும் நேரத்தில் ஒரு தோடம்பழ இனிப்பு நீட்டப்படும். சாப்பாட்டு வண்டி வருவதற்குள் அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் ஆயிற்றா, அம்மாவுக்குச் சுகமா என்பதெல்லாம் அன்ரிக்குத் தெரிந்திருக்கும். பதிலுக்குத் தன் வீட்டுக் கதையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவார்.

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் மாடிக் கட்டடத்தில் அன்ரியும் அவர் கணவரும் மூன்றாம் மாடி, நான் இரண்டாம் மாடி. ஒருமுறை மூவரும் ஒரே விமானத்தில் சென்னை போனோம். ஒன்றேகால் மணி நேரம்தான். இறங்கும்போது அன்ரியைப் பார்த்து நான்கு பேர் கையசைத்தார்கள். விமானப் பணிப்பெண் ஒருத்தி, தன் தாயின் முழங்கால் வலிக்கு அன்ரி சொன்ன எண்ணெயின் பெயரைக் கடதாசிக் கைக்குட்டையில் எழுதி மடித்து வைத்துக்கொண்டாள்.

தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவர் அன்ரி. "முப்பத்தொரு வருசம் முகம் தெரியாத ஆக்களோடை கதைச்சனான். அதுவும் மூண்டு மூண்டு நிமிசம். இப்ப முகத்தைப் பாத்து ஆறுதலாக் கதைக்கிறன். இவருக்கு அதிலை என்ன கரைச்சல்?"

இவர் என்பது சண்முகலிங்கம் அங்கிள். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வரைபடம் கீறியவர். எழுபத்தாறு வயது, இரண்டு காதிலும் கருவி. யன்னலோரம் இருந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டே வருவார். "வீட்டுக் கதையெல்லாம் பிளேனுக்குள்ளை சொல்லுறதோ, யோகம்?" என்று எப்போதாவது முணுமுணுப்பார். யோகம் என்று அன்ரியைக் கூப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான்.

போன வைகாசியில் மகள் யதுஷாவைப் பார்க்கக் கனடா போனார்கள். வளைகுடாவில் விமானம் மாற வேண்டும். அதுவரை அன்ரிக்குப் பக்கத்தில் லுத்பியா. குவைத்தில் வீட்டு வேலைக்கு நான்காம் தடவையாகப் போகிறவள். நடைபாதைக்கு அப்பால் ராசிக், பஹ்ரைனில் சமையற்காரன். இரண்டு பேரும் அங்கேதான் விமானம் மாறவேண்டியவர்கள்.

"இறங்கேக்கை காது நோகுதெண்டு மிசினைக் கழட்டிப் பொக்கற்றுக்குள்ளை வைச்சவர்," என்று திரும்பி வந்தபிறகு அன்ரி என்னிடம் சொன்னார். "பாத்ரூம் போட்டு வாறன் எண்டார். வரேல்லை."

கால் மணி நேரம் காத்திருந்தார். பிறகு அதிகாரி ஒருவரிடம் ஓடினார். ஒலிபெருக்கியில் அங்கிளின் பெயரை மூன்று முறை அழைத்தார்கள். கேட்க வேண்டிய காது சட்டைப்பையில் இருந்தது. கனடா விமானத்துக்கு இன்னும் நாற்பது நிமிடம். அழுதபடி நின்ற அன்ரியை முதலில் கண்டவள் லுத்பியா.

"நீங்க இதால அசைய வேணாம்மா. ஐயாட பாஸ்ல முதல்ல என்ன கேட் நம்பர் போட்டிருந்திச்சி?"

அன்ரி தன்னுடைய பயணச் சீட்டைப் பார்த்தார். அதிலிருந்த வாசல் எண்ணும் திரையில் ஓடிய எண்ணும் வேறு வேறு. மாற்றியிருந்தார்கள்; அவர்கள் நின்றது புது வாசலருகே. பழைய வாசல் கட்டடத்தின் மறுகோடியில். ராசிக் தன் பையை லுத்பியாவின் காலடியில் போட்டான். "கோப்பி கலர் ஸ்வெட்டர்தானே? நான் பாத்துட்டு வாறேன்," என்று ஓடினான்.

அங்கிள் அங்கேதான் இருந்தார். கழிவறையின் மறுபக்கத்து வழியால் வெளியே வந்து, மனைவியைக் காணாமல், சீட்டில் அச்சடித்த இடத்துக்குத்தானே எப்படியும் வருவா என்று போய் உட்கார்ந்துவிட்டார். சுற்றிவரக் காலியான கதிரைகள். ராசிக் சொன்னது கேட்கவில்லை. கையைப் பிடித்து இழுத்தபோது பயந்து உதறினார். மேகத்தைப் பார்த்துக்கொண்டு வந்த மனிதருக்கு அவன் முகம் நினைவில் இல்லை. அவன் கைப்பேசியில் தமிழில் ஒரு சொல்லை எழுதிக் காட்டினான்: யோகம்.

அங்கிள் எழுந்துவிட்டார்.

"அந்தப் பேர் எனக்கும் இவவுக்கும் மட்டும்தான் தெரியும் எண்டு நினைச்சிருந்தனான்," என்று அங்கிள் என்னிடம் சொன்னார். "பாத்தா, பிளேனுக்கே தெரிஞ்சிருக்கு." அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தேன்.

அங்கிளும் ராசிக்கும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது கடைசி வரிசையும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. லுத்பியாவுக்கும் ராசிக்குக்கும் என்னவெல்லாமோ சொல்லவேண்டும் என்று அன்ரி வாயைத் திறந்தாராம். அதற்குள், "போங்கம்மா, போங்க. ஐயாவப் புடிச்சிக்கோங்க," என்று லுத்பியாதான் முதுகில் கைவைத்து உள்ளே அனுப்பினாள்.

அடுத்த விமானத்தில் பக்கத்தில் இருந்தது யார் என்று அன்ரிக்கு இன்றுவரை தெரியாது. அங்கிளின் கோப்பி நிற ஸ்வெட்டரின் கையை இறுக்கிப் பிடித்தபடி இருந்துவிட்டார். சாப்பாட்டுத் தட்டு வந்தது. பாணுக்கு வெண்ணெய் பூச இரண்டு கை வேண்டும். அன்ரி பிடியை விடவில்லை. அங்கிள் அந்தக் கையை அவரிடமே விட்டுவிட்டு, மற்றக் கையால் மெல்ல மெல்ல வெண்ணெயைப் பூசி, பாணை அவர் வாயருகே நீட்டினார்.